காற்றின் மேற் பழி

இடைப்பருவக் காலம் வந்துவிட்டால் நம் தினசரிகளின் உட்பக்கங்களில் ஒரு செய்தி தவறாது இடம்பெறும். ஊரின் பெயர் மாறும். வீடுகளின் தொகை மாறும். வசனம் மட்டும் மாறுவதில்லை. மினி சூறாவளி வீசியதில் வீடுகளின் கூரைகள் தூக்கி எறியப்பட்டன, பயன்தரு மரங்கள் முறிந்து வீழ்ந்தன, உயிர்ச்சேதம் எதுவுமில்லை. இவ்வளவோடு அவ்வூரின் கதை முடிந்துவிடுகிறது. மறுநாட் பத்திரிகையில் அவ்வூர் இல்லை. மறு கிழமை அதை நினைப்பாரும் இல்லை.

இச்செய்தியிலுள்ள ஒவ்வொரு சொல்லும் விசாரணைக்குரியது. முதலில் உறுத்துவது “மினி” என்னும் சொல். எவருக்கு மினி? மாவட்டச் செயலகத்தின் சுவரிலே தொங்கும் தேசப்படத்தில் முப்பது வீடுகள் ஒரு குண்டூசி முனையளவு இடத்தையே பிடிக்கும் என்பது மெய்தான். ஆனால் அம்முப்பது வீடுகளுள் ஒன்றில் வாழ்கின்ற கூலித் தொழிலாளி இழந்தது முப்பதில் ஒரு பங்கு அன்று. அவனிடம் இருந்தது ஒரு வீடு. போனதும் ஒரு வீடு. வளவிலே நான்கு தென்னை நின்றால், நான்கும் சாய்ந்தால், அவனுடைய தென்னஞ் செல்வத்தில் நூற்றுக்கு நூறு வீதம் அழிந்தது. பெருஞ் சூறாவளி ஒன்று வந்தால் அவனுக்கு இதைவிட என்ன கூடுதலாக நேர்ந்துவிடப் போகிறது? அழிவின் அளவை ஊர்களின் தொகை கொண்டு அளப்பவர் ஆட்சியாளர். வீட்டுக்குள்ளிருந்து அளப்பவர் மக்கள். நமது பத்திரிகைகள் யாருடைய முழக்கோலைக் கையில் எடுத்திருக்கின்றன என்பது “மினி” என்ற அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது.

காற்றைப் பற்றிச் சிறிது பேசுவது அவசியம். பருவக்காற்றுக்கள் ஓய்ந்து மாறும் மார்ச், ஏப்ரில் மாதங்களிலும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பகல் வெப்பத்தால் மேலெழும் ஈரக்காற்று பிற்பகலில் உயர்ந்த இடிமுகில்களாகத் திரளுகின்றது. அம்முகிலிலிருந்து மழையோடு குளிர்காற்று ஒரேயடியாக நிலத்தை நோக்கி விழுந்து நாற்புறமும் பாய்வதுண்டு. அரிதாக, மேலைநாட்டார் ரொர்னாடோ என்று அழைக்கும் சுழற்காற்று, தூண் போல முகிலடியிலிருந்து இறங்கி நிலத்தைத் தொடுவதுமுண்டு. இவ்விரண்டும் ஒன்றல்ல. வங்காள விரிகுடாவிலே நாட்கணக்காகத் திரண்டு, பலநூறு மைல் அகலத்தில் நகர்ந்துவரும் சூறாவளி முற்றிலும் வேறொரு பிறவி. முன்னையவை சில நிமிடங்களில் தோன்றி மறைபவை. பின்னையதை இரண்டு மூன்று நாட்களுக்கு முன்னரே கண்டுகொள்ளலாம். நம்மவர் மூன்றையும் ஒரே சாக்கிலே போட்டுக் கட்டி, சிறிதாயின் மினி, பெரிதாயின் சூறாவளி என்று விலாசம் எழுதிவிடுகின்றனர்.

எந்தக் காற்று வீசியது என்பதை அறிய விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. விழுந்த மரங்களே போதிய சாட்சி. ஜப்பானிய அறிஞர் தெட்சுயா புஜிதா, 1945இல் அணுகுண்டு வீசப்பட்ட நாகசாகியையும் ஹிரோஷிமாவையும் அடுத்த சில வாரங்களிலேயே நேரிற் சென்று ஆராய்ந்தவர். குண்டு வெடித்த இடத்தை நடுவாகக் கொண்டு மரங்கள் நட்சத்திரக் கதிர்கள் போல் வெளிநோக்கிச் சரிந்திருந்த கோலம் அவர் மனத்திலே பதிந்திருந்தது. பின்னர் அமெரிக்காவிலே பணியாற்றுகையில், 1974 ஏப்ரிலில் ஒரே நாளளவில் 148 சுழற்காற்றுக்கள் வீசிய நிலப்பரப்பை விமானத்திலிருந்து பார்வையிட்டபோது, சில காடுகளில் அதே கோலத்தை மீண்டும் கண்டார். சுழற்காற்று கடந்த பாதையிலே மரங்கள் குறுகிய கோடொன்றின் இருமருங்கிலும் திருகித் திசைமாறிக் கிடக்கும். இங்கேயோ ஒரு நடுவிலிருந்து எல்லாத் திசைக்கும் விரிந்து கிடந்தன. முகிலிலிருந்து காற்றே கீழ்நோக்கி விழுந்து உடைந்து பரவுகின்றது என்ற உண்மை இவ்வாறு வெளிப்பட்டது. விமானங்கள் தரையிறங்கும் வேளையில் வீழ்ந்து நொறுங்குவதற்கு அது ஒரு காரணம் என்பதும் பின்னர் நிறுவப்பட்டது. ஒரு விஞ்ஞானி விழுந்த மரங்களை வாசித்ததனால், விமானத்திற் பறக்கும் ஆயிரமாயிரம் பேரின் உயிர் காக்கப்படுகிறது. நம் ஊர்களில் விழுந்த மரம் வழியை மறிக்கும் தடை மட்டுமே. அதனைத் தறித்து ஓரத்திலே இழுத்துவிட்டால் அலுவல் முடிந்தது. எந்தத் திசைக்கு விழுந்தது, வேரோடு சாய்ந்ததா, இடையில் முறிந்ததா என்று குறித்துக்கொள்வார் இல்லை.

அதே புஜிதா 1971இல், சுழற்காற்றின் வலிமையை அது விளைத்த சேதத்தைக் கொண்டு மதிப்பிடும் அளவுகோல் ஒன்றை வகுத்தார். அது திருத்தப்பட்டு 2007 தொடக்கம் அமெரிக்காவில் வழங்கிவருகிறது. திருத்திய அளவுகோலில் 28 வகைப் பொருள்கள் இடம்பெறுகின்றன. சிறு களஞ்சியம், குடியிருப்பு வீடு, சக்கரத்தில் வைத்து இழுக்கும் வீடு, பள்ளிக்கூடம், கடைத்தொகுதி என்று போய், கடைசி இரண்டும் மரங்கள்: வன்மரம் ஒன்று, மென்மரம் ஒன்று. அதிலே தென்னை இல்லை. கிடுகு வேய்ந்த மண்வீடும் இல்லை. அமெரிக்கர் தம் நாட்டுக்கு வகுத்த பட்டியலில் நம் தென்னை இல்லாதது அவர்கள் குற்றமன்று. தென்னையைக் கொடியிலும் குடத்திலும் மங்கல வாசலிலும் வைத்துப் போற்றும் நாம், அது வீழ்ந்தபோது அதை அளப்பதற்கு ஒரு முழக்கயிறுதானும் திரித்து வைத்திருக்கிறோமா?

சொல்லைச் சிறிதாக்குவதும் மறைப்பதும் ஆட்சிகளுக்குப் பழக்கமான வித்தைகள். அமெரிக்காவில் 1880களின் பிற்பகுதி தொட்டு 1938 வரை, வானிலை அறிவிப்பில் ரொர்னாடோ என்ற சொல்லையே வழங்கலாகாது என்று தடுத்து வைத்திருந்தனர். மக்கள் பீதியடைவர் என்பது அவர்கள் கூறிய காரணம். அத்தடை நிலவிய காலத்திலே, 1925 மார்ச் 18ஆம் திகதி, மிசூரி, இல்லினோய், இந்தியானா ஆகிய மூன்று மாநிலங்களை ஒரு சுழற்காற்று கிழித்துச் சென்றது. 219 மைல் நீளமான அதன் பாதையிலே கமக்காரரும் சுரங்கத் தொழிலாளரும் பள்ளிச் சிறாருமாக 695 பேர் மாண்டனர். எச்சரிக்கை ஒன்றும் அவர்களை எட்டவில்லை. சொல்லாவிட்டால் பீதி இல்லை என்று எண்ணியவர்கள் பிணங்களை எண்ணினர். அங்கே சொல்லை ஒளித்தார்கள். இங்கே சொல்லைக் குறுக்கினார்கள்.

இனி, நம் எழுத்தாளரிடம் வருவோம். பத்திரிகையாளர் மட்டுமா குற்றவாளிகள்? புயல் என்றதும் நம் கவிஞர்களின் பேனாவில் “இயற்கை அன்னையின் சீற்றம்” தானாகவே சொட்டத் தொடங்கும். ஊழிக்கூத்து என்பார் ஒருவர். காலனின் கோரத் தாண்டவம் என்பார் மற்றொருவர். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சீற்றம் என்றால் அதற்கு ஒரு காரணம் வேண்டும். காரணம் தேடினால் மக்களின் பாவம் வந்து நிற்கும். பாவம் வந்தால் விதி வரும். விதி வந்துவிட்டால், ஆணி குறைத்துக் கூரை அறைந்த ஒப்பந்தகாரரும், இருபது ஆண்டாகக் காணி அனுமதிப்பத்திரம் கொடாமல் இழுத்தடித்த அலுவலரும், நிவாரணப் பொதியிலே தம் கட்சிச் சின்னத்தைத் தேடுபவரும் ஆக எல்லோரும் அதன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வர். காற்றுக்குக் கோபமில்லை. அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு அது பாய்கிறது, அவ்வளவே. கோபமில்லாத பொருளுக்குக் கோபத்தை ஏற்றிப் பாடுவது, கோபப்படவேண்டிய மனிதரின் கோபத்தைத் திருடுவதாகும்.

1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியைக் கண்டவர்கள் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். 900க்கு மேற்பட்டோர் மாண்டனர்; 10 இலட்சத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர்; ஏறத்தாழ 2,50,000 வீடுகள் சேதமுற்றன. மட்டக்களப்பின் 11 நெற்களஞ்சியங்களில் 9 அழிந்தன. மீன்பிடிக் கலங்களில் ஐந்தில் ஒன்று போயிற்று. இவையெல்லாம் அடிக்கடி எடுத்துரைக்கப்படும் எண்கள். இவற்றோடு இன்னுமோர் எண் உண்டு. அதனைக் கூறுவோர் மூச்சுவிடாமற் கூறிக் கடந்து விடுவர். மாவட்டத்திலிருந்த 28,000 ஏக்கர் தென்னையில் நூற்றுக்கு 90 வீதம் அழிந்தது. ஏக்கருக்கு 60 மரம் என்று கொண்டாலும், ஓரிரவில் வீழ்ந்தவை 15 இலட்சம் மரங்கள். எழுவான்கரையின் மணற்பரப்பிலே ஒரு தலைமுறை நட்டு மறுதலைமுறை காத்த சோலை, விடியும்போது தரையிலே கிடந்தது.

இந்த எண்ணை வீடுகளின் எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க நாம் பழகவில்லை. வீடு ஓர் இழப்பு, மரம் வேறோர் இழப்பு என்று பிரித்து வைத்துவிட்டோம். கிராமத்து ஏழையின் வாழ்விலே இப்பிரிவு இல்லை. மரந்தான் அவன் வீடு. முகட்டுக்குக் கிடுகு தென்னை தருவது. கைமரத்துக்கும் சலாகைக்கும் தென்னைதான். கட்டும் கயிறு அதன் தும்பிலிருந்து திரித்தது. வேலியும் அதன் ஓலை. அடுப்பெரிவது பாளையும் பன்னாடையும் சிரட்டையும். கறிக்குப் பால் அதன் காய். கைச்செலவுக்கு முட்டினால் பத்துத் தேங்காயை விற்றுக் கடன் தீர்ப்பதும் அதனாலே. தென்னை மாதம் ஓரோலை வீதம் ஆண்டுக்கு 12 ஓலை விடும். ஓலையை நடுவே பிளந்து ஊறப்போட்டுப் பின்னினால் ஒன்றுக்கு இரண்டு கிடுகு. ஆகவே ஒரு மரம் ஆண்டில் தருவது 24 கிடுகு. ஒரு சிறு வீட்டுக் கூரைக்கு 300 கிடுகு வேண்டுமென்று கொண்டால், 12 அல்லது 13 மரங்களின் ஓராண்டு ஓலை அதற்குச் சரி. கிடுகுக் கூரையோ ஓரிரு மாரிக்கு மேல் தாங்காது. மறுபடி வேய வேண்டும். காற்று மரத்தைச் சாய்த்த ஆண்டிலே ஓலைக்குப் பஞ்சமில்லை. விழுந்த மரமே அந்த ஆண்டின் கூரையைத் தந்துவிடும். நிவாரண அலுவலர் வந்து பார்த்து, “கூரை வேய்ந்தாயிற்று, நிலைமை வழமைக்குத் திரும்பிற்று” என்று எழுதிச் செல்வதற்கு அது போதும். அடுத்த வேய்ச்சல் காலம் வரும்போது மரமும் இல்லை, ஓலையும் இல்லை, அலுவலரும் இல்லை. அழிவு அப்போதுதான் முழுமையாக வீட்டுக்குள் இறங்குகிறது.

இன்று நம் நாட்டில் அனர்த்தம் நேர்ந்தால் நாள்தோறும் வெளியாகும் நிலைமை அறிக்கையைப் பாருங்கள். பாதிக்கப்பட்ட குடும்பம், இறந்தோர், காயமுற்றோர், காணாமற் போனோர், வீடுகளில் முழுச் சேதம், பகுதிச் சேதம் என்று நிரல் நிரலாக வரும். ஒழுங்கான அறிக்கை, குறை கூறுவதற்கில்லை. ஆனால் மரத்துக்கு ஒரு நிரல் இல்லை. கூரைத்தகடு நான்கு போனால் அது பகுதிச் சேதம். அவ்வீட்டின் உணவும் எரிபொருளும் அடுத்த ஆறாண்டு வருவாயும் வேரோடு சாய்ந்தால் அது சேதமே அன்று. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அனர்த்த முகாமைத்துவத்துக்கென நிலையம் அமைந்து, மாவட்டந்தோறும் அலுவலகம் அமைந்து, இருபது ஆண்டுக்கு மேலாகியும் இந்த நிரல் பிறக்கவில்லை.

முற்போக்கு அணியைச் சேர்ந்த அன்பர் சிலர் இவ்விடத்தில் குறுக்கிடக்கூடும். தென்னந்தோட்டம் சொத்துடையாரின் சொத்து. நிலவுடைமையாளரின் மரம் வீழ்ந்ததற்கு நாம் ஏன் கண்ணீர் வடிக்கவேண்டும் என்று கேட்பர். பார்வைக்கு வர்க்க உணர்வு மிக்க கேள்வி. ஆராய்ந்து பார்த்தாலோ, அது உறுதிப்பத்திரத்தின் கண்கொண்டு மரத்தைப் பார்ப்பது. தோட்டத்துக்கு உடையவர் ஒருவர். அவர் பட்டினத்தில் இருப்பார். அந்தத் தோட்டத்தால் வாழ்பவர் எத்தனை பேர்? மரமேறித் தேங்காய் பறிப்பவன், அலவாங்கு நட்டு உரிப்பவன், மட்டையை நீரில் ஊறவைத்துத் தும்படிக்கும் பெண், கயிறு திரிப்பவள், கிடுகு பின்னி எண்ணிக்கைக்கு விற்பவள், கள்ளுச் சீவுபவன், வண்டியில் ஏற்றுபவன், காவலிருப்பவன். நம் சமூகத்திலே மரத்தில் ஏறுவோர் யாவர், மரத்துக்கு உரியோர் யாவர் என்பதை வாசகருக்கு விளக்கவேண்டியதில்லை. மரம் வீழ்ந்தால் உடையவருக்கு நிலமாவது எஞ்சும். நிலத்தை விற்கலாம், ஈடு வைக்கலாம், நட்டஈட்டுக்கு மனுச் செய்யலாம். மரத்தால் வாழ்ந்தவனுக்கு எஞ்சுவது அவனுடைய ஏணியும் கத்தியும். அவன் நிவாரணப் பட்டியலிலே தென்னையின் பேரால் ஒருபோதும் வரமாட்டான். அவனுடைய மரம் அவனுடையதன்று அல்லவா? தோட்டக்காரரின் மரம் என்று கூறி ஒதுங்குகின்ற நம் அன்பர், தோட்டக்காரரின் வாதத்தையே தம்மை அறியாது ஒப்பிக்கின்றார்.

1979இல் நட்ட நெட்டைத் தென்னங்கன்று பாளை விடுவதற்கு ஆறேழு ஆண்டுகள் செல்லும். நிறைந்த விளைவுக்கு அதன் மேலும் சில ஆண்டுகள். ஆகவே அக்கன்று காய்க்கத் தொடங்கியிருக்க வேண்டிய காலம் 1985 அளவு. இடையில் 1983 யூலை வந்தது. பின்னர் வந்தது போர். 1990இல் ஊர்கள் பல இடம்பெயர்ந்தன. கன்றுக்குத் தண்ணீர் ஊற்றவும் வண்டு குத்தினால் மருந்திடவும் வளவில் ஆளிருக்கும் என்பது நடுபவனின் நம்பிக்கை. எத்தனை வளவிலே அந்த நம்பிக்கை பலித்தது? போர் ஓய்ந்தபின் வீடுகளைக் கணக்கெடுத்தார்கள். மரங்களை அப்போதும் எவரும் முறையாக எண்ணவில்லை. புயல் தொடங்கிய கணக்கைப் போர் முடித்துவைத்தது என்று கூறினால் மிகையாகாது. தென்னைக்கு வேண்டியது நீண்ட சமாதானம். நெற்பயிரைப் போல ஒரு போகத்துக்குள் அது மீளாது.

இங்கே நான் கிடுகுக்காக வாதாடுகின்றேன் என்று எண்ணிவிடவேண்டாம். மாரியில் ஒழுகி, கோடையில் தீப்பற்றி, ஆண்டுக்காண்டு கூலி கேட்கும் கூரையின்கீழ் மக்கள் என்றென்றும் வாழவேண்டும் என்று விரும்புபவர், தாம் ஓட்டு வீட்டில் இருந்துகொண்டு பழைமையின் அழகை இரசிப்பவராகவே இருப்பர். கிடுகு போய்த் தகரமும் ஓடும் வருவது நல்லதே. எவ்வாறு வருகிறது என்பதே கேள்வி. காற்றுக்குப்பின் வரும் நிவாரணம் பெரும்பாலும் தகரமாக வரும்; ஆணியும் கொளுக்கியும் கட்டுக்கம்பியும் அதனோடு போதிய அளவில் வருவதில்லை. கட்டப்படாத தகரம் வீட்டுக்குள் வைத்த வாளாகும்.

வங்காளதேசத்தைப் பாருங்கள். 1989 ஏப்ரில் 26ஆம் திகதி மாணிக்கஞ்ச் மாவட்டத்துத் தவுலத்பூர், சட்டூரியா பகுதிகளைச் சுழற்காற்று ஒன்று தாக்கியது. மாதக்கணக்கான வரட்சிக்குப்பின் மழைக்காக மக்கள் ஏங்கிக்கொண்டிருந்த வேளை அது. ஏறத்தாழ 1,300 பேர் மாண்டனர். 80,000 பேர் வீடிழந்தனர். உலகில் இதுவரை அறியப்பட்ட சுழற்காற்றுக்களுள் அதிக உயிர்களைக் கொண்டது அதுவே. சட்டூரியா ஊரில் மரங்களின் எலும்புக்கூடுகள் அன்றி நிற்பதொன்றும் இருக்கவில்லை. அதற்கு ஏழாண்டின் பின், 1996 மே 13ஆம் திகதி, தங்கயில் மாவட்டத்திலே மற்றொன்று. ஏறத்தாழ 700 உயிர்கள். அமெரிக்காவிலே இவற்றைவிட வலிய சுழற்காற்றுக்கள் எத்தனையோ வீசுகின்றன. 2013இல் ஒக்லகோமாவின் மூர் நகரத்தைத் தாக்கிய ஆக உயர்ந்த தரத்துச் சுழற்காற்றில் இறந்தோர் 24 பேர். காற்று இரண்டிடத்திலும் காற்றுத்தான். ஓரிடத்தில் எச்சரிக்கை இருந்தது. நிலக்கீழ் அறையும் உறுதியான சுவரும் பலருக்கு இருந்தன. மற்றதிலே மூங்கிலும் மண்ணும் கட்டப்படாத தகரமும் நெருக்கமாகக் குடியமர்ந்த ஏழை மக்களும். பறந்துவந்த தகரத்தால் வெட்டுண்டோர் பற்றிய செய்திகள் அந்நாட்டுக் காற்றழிவுகளில் மீண்டும் மீண்டும் வருவன. அமெரிக்காவைப் புகழ்வதற்காக இதனைக் கூறவில்லை; அங்கும் சுழற்காற்றில் மாள்வோருள் பெரும்பங்கினர் இழுத்துச் செல்லும் தகட்டு வீட்டிலே வாழ்கின்ற வறியவர்தாம். ஏழையின் வீட்டைத் தேடிக் காற்று போவதில்லை. எல்லா வீட்டுக்கும் போய் ஏழையின் வீட்டை உடைக்கிறது.

கூரையைக் காப்பது பெரிய இரகசியமன்று. கூரைமேல் விரைந்து செல்லும் காற்று அதனைக் கீழே அழுத்துவதில்லை; மேலே இழுக்கிறது. வாசல், சன்னல் வழியே உட்புகுந்த காற்று உள்ளிருந்து தள்ளுகிறது. இரண்டும் சேர்ந்தால், சுவர்மீது சும்மா வைத்த கூரை மூடியைத் திறந்தாற் போலப் பறந்துவிடும். கூரை போனபின் பிடிப்பற்ற சுவரும் சாயும். ஆகவே சலாகையைக் கைமரத்தோடும், கைமரத்தை வளையோடும், வளையைச் சுவரோடும், சுவரை அத்திவாரத்தோடும் தொடர்ச்சியாகக் கட்டவேண்டும். முழு வீட்டுக்கும் ஆகும் செலவிலே இந்த இரும்புப் பட்டிக்கும் கொளுக்கிக்கும் ஆகும் செலவு சிறிது. அவுஸ்திரேலியாவின் டார்வின் நகரை 1974 டிசம்பர் 25ஆம் திகதி ட்ரேசி சூறாவளி தாக்கி, நூற்றுக்கு 70 வீதத்துக்கு மேற்பட்ட கட்டடங்களை அழித்தது. அதன்பின் அந்நாட்டிலே வீடு கட்டும் விதிகள் மாறின. கூரையைக் கட்டுவது சட்டமாயிற்று.

நம் நாட்டில் ஒன்றுமே நடக்கவில்லை என்று கூறினால் அது அநீதி. 1978இன் பின், 1980இல், பலத்த காற்றைத் தாங்கும் கட்டடங்களை வடிவமைப்பதற்கான கைந்நூல் ஒன்றை அமைச்சு வெளியிட்டது. தீவை மூன்று காற்று வலயங்களாகப் பிரித்து, கிழக்குக் கரையை ஆகக் கடுமையான முதல் வலயத்திலே சேர்த்தது. நல்ல நூல், உழைத்தவர்கள் போற்றத்தக்கவர்கள். ஆனால் அது பொறியியலாளருக்காக எழுதப்பட்ட நூல். வங்கிக் கட்டடத்துக்கும் வைத்தியசாலைக்கும் பொறியியலாளர் உண்டு. படுவான்கரையிலே தன் மைத்துனனையும் அயலவனையும் கூட்டிக்கொண்டு இரண்டறை வீடு எழுப்புகிறவனுக்குப் பொறியியலாளர் யார்? அவனுடைய மேசனுக்கும் தச்சனுக்கும் அவர்கள் மொழியிலே, படம் போட்டு, நான்கு பக்கத்தில், எந்த முடிச்சை எங்கே போடவேண்டும் என்று சொல்வதற்கு எத்தனை தசாப்தம் வேண்டும்? அறிவு இருக்கிறது, அது மேல் தட்டிலே பூட்டியிருக்கிறது. விஞ்ஞானம் மக்களிடம் சேரவேண்டும் என்று மேடைதோறும் முழங்கும் நம் கழகங்கள் செய்யக்கூடிய வேலை இது. ஒரு நாவல் வெளியீட்டு விழாவுக்கு ஆகும் செலவிலே அந்த நான்கு பக்கத்தை அச்சிட்டு ஒரு பிரதேசம் முழுவதற்கும் வழங்கிவிடலாம்.

1978இன் அந்தச் சூறாவளி மட்டக்களப்போடு நின்றுவிடவில்லை. தீவைக் கடந்து மன்னார் வளைகுடாவில் இறங்கி, மறுநாள் இராமநாதபுரக் கரையை அடைந்தது. கடலுக்கு இருபுறத்தும் வாழும் மக்களுக்குக் காற்று ஒன்று, தென்னையும் ஒன்று. 2018 நவம்பர் 16ஆம் திகதி வேதாரணியத்தருகே கரைகடந்த கஜாப் புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாட்டுத் தென்னந்தோப்புகளை வீழ்த்தியபோது, தமிழ்நாட்டு அரசு மரம் ஒன்றுக்கு 600 ரூபாவும், அதனை வெட்டி அகற்ற 500 ரூபாவும் கொடுப்பதாக அறிவித்தது. ஆறு தசாப்தம் காய்க்கக்கூடிய மரத்துக்கு 600 ரூபா! கமக்காரர் கொதித்தது நியாயமே. எனினும் அங்கே ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும்: மரம் கணக்கிலே ஏறிற்று. அகற்றும் கூலியும் கணக்கில் ஏறிற்று. வீழ்ந்த குற்றி உக்கிக் கிடந்தால் அதிலே காண்டாமிருக வண்டு பெருகி, தப்பி நிற்கும் மரங்களின் குருத்தையும் தின்றுவிடும் என்பதை அறிந்தோருக்கு அதன் பெறுமதி விளங்கும். ஆனால் அந்தக் கணக்கும் மரத்துக்கு உடையவரோடு நின்றது. கீற்று முடைபவளும் காய் உரிப்பவனும் அதிலே இல்லை.

பெரிய அழிவுகள் வரிசைகட்டி நிற்கும்போது சிறிய காற்றைப் பற்றி இவ்வளவு பேசுவதா என்று கேட்கக்கூடும். 2004இல் கடல் வந்தது. 2025 நவம்பர் இறுதியிலே டிட்வா வந்து, 600க்கு மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. கொன்றது பெரும்பாலும் காற்றன்று, வெள்ளமும் மலைச்சரிவும். அவற்றுக்குமுன் ஒரு கிராமத்து முப்பது கூரை எம்மாத்திரம்? ஆனால் பெரிய அழிவு வந்தபோது உலகம் வருகிறது; கப்பலும் விமானமும் வருகின்றன; கணக்கெடுப்பு நடக்கிறது; நினைவுத்தூண் எழுகிறது. சிறிய காற்று தனியே வந்து தனியே போகிறது. இவ்வாண்டு ஓர் ஊர், மறு ஆண்டு அயலூர் என்று பத்தாண்டில் அது வீழ்த்திய மரங்களைக் கூட்டிப் பார்த்தவர் இல்லை. கூட்டிப் பார்க்காதவரையில் அது என்றென்றும் மினியாகவே இருக்கும்.

கேட்க வேண்டியவை பெரிய புரட்சிகள் அல்ல. ஒரு பிரதேச செயலகம் நினைத்தால் நாளைக்கே தொடங்கக்கூடியவை. கிராம அலுவலரின் படிவத்திலே வீட்டுக்குப் பக்கத்தில் மரத்துக்கும் நிரல் வேண்டும்: எந்த மரம், எத்தனை வயது, காய்த்ததா, எத்திசைக்கு வீழ்ந்தது. அதற்கு அடுத்த நிரலிலே, மரத்துக்கு உடையவர் பெயரோடு அம்மரத்தால் வாழ்ந்தவர் பெயரும் வேண்டும். கன்று கொடுப்பதோடு கடமை முடிந்தது என்று விழா எடுத்துப் படம் பிடிக்கும் வழக்கம் ஒழியவேண்டும். நட்ட கன்று காய்க்கும் ஆறாண்டுக்கும், அதனைப் பார்க்கும் குடும்பத்துக்கு ஆண்டுதோறும் ஒரு பராமரிப்புக் கூலி கொடுத்தாலன்றி ஏழையின் வளவிலே தென்னை மீளாது. பசித்தவன் ஆறாண்டு காத்திருக்கமாட்டான். நிவாரணத் தகரம் ஒவ்வொன்றோடும் அதற்குரிய கொளுக்கியும் பட்டியும் எண்ணிக் கொடுக்கப்படவேண்டும். கொளுக்கி இல்லாத தகரத்தை ஊர்ச் சங்கம் கையொப்பமிட்டு வாங்கக்கூடாது. பத்திராதிபர்களிடம் கேட்பது இன்னும் எளிது. “மினி” என்ற சொல்லை விட்டுவிட்டு, காற்று வீசிய நேரத்தையும் அது எடுத்த நிமிடங்களையும் மரங்களின் தொகையையும் போடுங்கள். ஆறு மாதம் கழித்து அதே ஊருக்கு நிருபரை மறுபடி அனுப்பி, யாருடைய கூரையில் இன்னும் தறப்பாள் கிடக்கிறது என்று எழுதுங்கள்.

அடுத்த இடைப்பருவம் மார்ச் மாதத்திலே தொடங்கும். ஒரு படிவத்தில் இரண்டு கோடு கீறுவதற்கு அதற்குள் காலம் போதும்.